மூன்று தரம் தட்டும் வரைக்கும்

எங்கள் குடும்பத்தில் நண்டுக் கதை என்று ஒன்று உண்டு. ஊரில் எந்தப் பள்ளிவாசல் எந்த ஆண்டு கட்டப்பட்டது, பெரிய சூறாவளி எந்த மாதம் அடித்தது என்றெல்லாம் கேட்டு என்னிடம் ஆட்கள் வருவார்கள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்வேன். ஆனால் நண்டுக் கதை எப்போது எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று எவ்வளவு யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. நானும் தங்கச்சியும் சிறு வயதில் கேட்டோம். அவள் தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொன்னாள். அவ்வளவுதான் தெரியும்.

கதை சின்னது. ஒரு நண்டுத் தாய்க்கு இரண்டு குஞ்சுகள். இரை தேடப் போகும்போது தாய் சொல்லும்: நான் திரும்பி வந்து வாசலில் மூன்று தரம் தட்டுவேன், அதுவரைக்கும் வெளியே வரக்கூடாது, யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. தாய் போனதும் காகம் வரும். கடல் நுரை எவ்வளவு வெள்ளையாய் இருக்கிறது, வெயில் எவ்வளவு இதமாய் இருக்கிறது, வந்து பாருங்கள் பிள்ளைகளே என்று இனிக்க இனிக்கக் கதைக்கும். மூத்த குஞ்சுக்கு ஆசை பொறுக்காது. தலையை வெளியே நீட்டும், பிறகு காலை நீட்டும். காகம் கொத்திக்கொண்டு பறந்துவிடும். இளைய குஞ்சு பொந்துக்குள்ளேயே இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் மூன்று தட்டுக் கேட்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கதை சொன்னவர் அதன் படிப்பினையைத் தன் வாயால் சொல்ல மாட்டார். “அப்ப என்ன படிப்பினை?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் கதை இல்லை. நண்டுக் கதைக்கு ஒரே பதில்தான். “உம்மா சொல்லுக் கேட்டவன் பொழைச்சான், கேளாதவன் காகத்துக்குப் போனான்” என்று நாங்களும் கத்தினோம், எங்களுக்குப் பின்னால் தங்கச்சியின் பிள்ளைகளும் கத்தினார்கள்.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்த அன்றே தாய் தகப்பன் அவளுக்கு வீடு கட்ட ஒரு வளவு தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆண் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் நான் பிரதான வீதிக்கு மேற்கே என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி, எங்கள் உம்மாவும் வாப்பாவும் மருதமுனைக் கடற்கரையில் அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். காற்றோட்டமான வீடு. அந்த வளவு கிடைத்ததற்காக வாப்பா வெகுநாள் பெருமைப்பட்டார். பின்னால் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகள் பிழைத்ததற்கும் பெண்பிள்ளைகள் போனதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தங்கச்சியின் புருஷன் சவூதியில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் வீட்டிலேயே தறி வைத்துச் சாரம் நெய்தாள். சாயம் போட்ட நூல் எடுக்க அடிக்கடி மேற்குப் பக்கம் போவாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. போகும்போது கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லுவாள். திரும்பி வந்து பலகைக் கதவில் மூன்று தரம் தட்டுவாள். உள்ளே இருந்து மகன், “என்ட நண்டு வந்திட்டு” என்று கத்திக்கொண்டு ஓடி வந்து திறப்பான். ஒருநாள் நான் அவளோடு கூடப் போயிருந்தேன். பகிடிக்கு நான்காம் தரமும் தட்டினேன். உள்ளே கொண்டியை எடுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

“ஆரு அது?”

“உம்மாதான்டா.”

“உம்மா நாலு தரம் தட்டமாட்டா. காகம்.”

தங்கச்சி சிரித்து, “உள்ளுக்கு இரிக்கிறவன் என்னயும் விடக் கெட்டிக்காரன் காக்கா” என்றாள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலிலிருந்து மூன்று தரம் தட்டிய பிறகுதான் எங்களை உள்ளே விட்டான்.

இன்னொரு நாளும் நினைவிருக்கிறது. கதை முடிந்து படிப்பினையும் சொல்லியான பிறகு அவன் கேட்டான்:

“உம்மா, கடல் பொந்துக்குள்ள வந்தா நண்டு என்ன செய்யும்?”

“கடல் நண்டுட வாப்பா ஊடு மகன். அது ஒண்டும் செய்யாது.”

நடந்த பிறகு இப்படியான பேச்சுகளை மனிதர்கள் தாமாக உண்டாக்கிக்கொள்வார்கள் என்பதை நான் அறிவேன். பல ஊர்களின் நாட்குறிப்புகளிலும் வரலாறுகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று நான் அங்கே வாங்குப் பலகையில் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். பாடசாலை விடுமுறைக் காலம். கடல் வந்த நேரத்தைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின. காலைச் சாப்பாடு முடிந்த நேரம் என்பது மட்டும் நிச்சயம்.

தங்கச்சி நூல் எடுக்க மேற்கே போயிருந்தாள். போகும்போது மகளிடம், “தம்பியப் பாத்துக்க, நான் வந்து தட்டுமட்டும் கதவத் துறக்காதீங்க” என்று சொல்லியிருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிரதான வீதிக்கு அந்தப் பக்கம், கடல் எட்டாத தூரத்தில், மகளோடு படிக்கும் பிள்ளையின் வீட்டில் குர்பானுக்கு ஒரு கிடாய் வாங்கிக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் சலங்கை போட்ட கிடாய். மகள் அதைப் பார்க்கக் குசினிக் கதவால் வெளியே போனாள். தம்பியிடம், “உம்மாக்கிட்டச் சொல்லிடாத” என்றாள்.

“நீ காகத்துக்கிட்டத்தான் போப்போறாய்” என்று அவன் சொன்னான். அவள் நாக்கை நீட்டிவிட்டு ஓடினாள். பின்னால் அவன் குசினிக் கதவின் கொண்டியைப் போடும் சத்தம் கேட்டது என்று வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னாள்.

மற்றதைப் பக்கத்து வளவில் இருந்த ராத்தா, எங்களுக்கு அக்கா முறையானவர், சொல்லித்தான் அறிந்தோம். கடல் ஒருமுறை வந்து முற்றத்தை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது பெரிதாக வருகிறது என்று சனங்கள் ஓடியபோது, அவர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கச்சியின் கதவை மற்றக் கையால் தட்டியிருக்கிறார். துறங்கடா, ஓடுவம் என்று கத்தியிருக்கிறார்.

உள்ளே இருந்து அவன் பதில் சொன்னானாம்: “உம்மா மூணு தரம்தான் தட்டுவா. நீங்க கனக்கத் தட்டுறீங்க.”

அந்த ராத்தா இதை எங்களிடம் சொன்னது கடல் வந்து சில நாட்களுக்குப் பிறகு. தங்கச்சியும் மகளும் மேற்கே ஒரு பாடசாலையில் தங்கியிருந்தார்கள், நானும் பெரும்பாலும் அங்கேயே இருந்தேன். வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். தங்கச்சி சுவரில் சாய்ந்து இருந்தாள். மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ராத்தா ஆறுதல் சொல்லத்தான் வந்தார். “என்ன சொல்லுக் கேக்கிற புள்ள கா அது. இந்தக் காலத்தில எந்தப் புள்ள அப்பிடி உம்மாட சொல்லக் காப்பாத்தும்” என்று புகழ்ந்து சொல்லி அழுதார். அவர் மீது நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஒரு கையில் குழந்தையோடு நின்று கதவைத் தட்டிய பெண் அவர்.

தங்கச்சி அழவில்லை. மகளின் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை மட்டும் நின்றுவிட்டது. மகளின் தலையை மெதுவாகத் தூக்கிப் பாயில் வைத்துவிட்டு எழும்பி வெளியே போனாள்.

இதற்கு முன்பே மகனை அடக்கம் செய்திருந்தோம். கடல் வந்த மறுநாள் தேடிப் போனபோது தங்கச்சிக்குத் துணையாக நடந்தவள், பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். கடலுக்குப் போன தன் புருஷனைத் தேடி வந்தவள். அதுவரை இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இடிந்த சுவர்களுக்கும் சரிந்த தென்னைகளுக்கும் இடையில் இரண்டு பெண்களும் ஒவ்வொரு உடலாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் சற்றுப் பின்னால் போனேன். ஒரு வேலியடியில் மகனை முதலில் கண்டவள் அவள்தான். தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் முகத்து மணலைத் துடைத்துவிட்டுத்தான் தங்கச்சியைக் கூப்பிட்டாள். அவளுடைய புருஷன் கிடைக்கவேயில்லை.

பாடசாலையில் இருந்த மாதங்களில் படிப்பினைக்குக் குறைவிருக்கவில்லை. எல்லோரும் படிப்பினை சொன்னார்கள். பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் செய்தவர், அழிக்கப்பட்ட சமூகங்களின் வரலாற்றைச் சொல்லி இதிலே நமக்குப் படிப்பினை உண்டு என்றார். கடைத்தெருவில் இன்ன ஊரில் இன்ன கூத்து நடந்தது, அதனால்தான் வந்தது என்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பற்றி அதையே சொல்லியிருப்பார்கள். தங்கச்சி ஒருநாள் என்னிடம் கேட்டாள்:

“காக்கா, நீங்க கனக்க வாசிக்கிற ஆள். அவன் என்ன செஞ்சான்?”

நீரில் போன பிள்ளை சுவர்க்கத்தில் நிற்கும் என்று சொன்னேன். “அது எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல்ல” என்றாள்.

அந்த மாதங்களில்தான் நான் வேறொன்றைக் கவனித்தேன். தங்கச்சி தன் மகளுக்கு எதையும் சொல்வதில்லை. இங்கே இரு என்றோ, அங்கே போகாதே என்றோ, சாப்பிடு என்றோ கூடச் சொல்வதில்லை. மகள் ஏதும் கேட்டால், “உன்ட விருப்பம் மகள்” என்பாள். கிணற்றுக் கட்டில் ஏறி இருந்தால், போய்ப் பேசாமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டு வருவாள். தட்டுவதையும் நிறுத்திவிட்டாள். யாருடைய வாசலுக்குப் போனாலும் கதவைத் தொடமாட்டாள். வெளியே நின்று கூப்பிடுவாள். கேட்காவிட்டால் திரும்பிவிடுவாள்.

பெண்கள் வாய் சும்மா இருக்குமா? குழாயடியில் ஒருத்தி, “புள்ளய அவுத்து விட்டிரிக்காள், எங்க போய் முடியப் போகுதோ” என்றாள். “தாய்க்கே நெனப்பு இல்ல, புள்ளக்கி ஆரு சொல்ற?” என்றாள் மற்றவள்.

மகளோ நாளுக்கு நாள் மோசமானாள். குர்ஆன் ஓதப் போகாமல் ஒளிந்தாள். கத்தரிக்கோலை எடுத்துத் தன் பின்னலைப் பாதியில் வெட்டினாள். மழையில் போய் நின்றாள். நிவாரணமாக வந்த பால்மாவை வெறும் தரையில் கொட்டி அதில் விரலால் கோலம் போட்டாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பாள். தாய் துடைப்பம் எடுத்து மாவைக் கூட்டுவாள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளின் மனதைத் தேற்றுவதற்கென்று கொழும்பிலிருந்து சிலர் வந்து போனார்கள். அவர்களில் ஓர் இளம் பெண், கையில் பொம்மை மாட்டிக்கொண்டு கதை சொல்லுவாள். நல்ல பிள்ளை, நல்ல மனம். அவள் சொன்னது காட்டுக்குள் போன ஆட்டுக்குட்டியின் கதை. தாய் சொல்லைக் கேட்காமல் போகிறது, நரி பிடிக்கிறது, எப்படியோ தப்பி வந்து தாயிடம் மன்னிப்புக் கேட்கிறது. கதை முடிந்ததும் பொம்மையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்:

“இந்தக் கதையிலிருந்து நாங்கள் என்ன படித்தோம், செல்லங்களே?”

பின்வரிசையில் இருந்து தங்கச்சியின் மகள், என் மருமகள், எழும்பினாள். எங்கள் வீட்டு வழக்கப்படி, படிப்பினை கேட்டால் கதை கேட்டவர் சொல்லத்தானே வேண்டும்?

“உம்மா சொல்லுக் கேட்டா மௌத்தாப் போயிடும். கேளாட்டித்தான் ஹயாத்தா இரிக்கலாம்.”

மௌத்து சாவு, ஹயாத்து உயிர் என்பது கொழும்பிலிருந்து வந்தவளுக்கும் விளங்கியது; பொம்மையைக் கீழே இறக்கினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன். யாரும் இரு என்று சொல்லாமலே மருமகள் திரும்பவும் தன் இடத்தில் இருந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கேட்டேன்: “ஏன் புள்ள இப்பிடியெல்லாம் செய்ற? உம்மா பாவமெல்லா?”

“உம்மா ஏசட்டும்.”

“ஏசவா?”

“உம்மாக்கு நான் தேவல்ல மாமா. தேவெண்டா ஏசுவா. தம்பிக்கெண்டா ஏசுவா. நான் கதவால போன ஆள். காகத்துக்குப் போன குஞ்சு திரும்பி வந்தா உம்மா என்ன செய்யும்? கதையில அது இல்ல.”

நான் அப்போது ஒரு காரியம் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். பல நாட்டுக் கதைகளை வாசித்தவன் என்ற வகையில் எனக்கு ஒன்று தெரியும். கதைகளின் படிப்பினை ஒரு பக்கம் போகும், கதை இன்னொரு பக்கம் போகும். மூன்று திசைக்குப் போ, நான்காவது திசைக்குப் போகாதே என்று ராஜா சொல்வார். இளவரசன் நான்காவது திசைக்குத்தான் போவான். போனதால்தான் கதை. எல்லாக் கதவையும் திற, இந்த ஒன்றை மட்டும் திறக்காதே என்பார்கள். திறப்பவள்தான் கடைசியில் ராணி. சொன்ன சொல்லைக் காப்பாற்றி வீட்டில் இருந்தவர்களைப் பற்றி எந்த ஊரிலும் கதை இல்லை. படிப்பினை என்பது பிள்ளைகளைப் படுக்கவைக்கப் பெரியவர்கள் பிறகு ஒட்டியது என்று நினைக்கிறேன். இதையெல்லாம் அவளுக்கு விளங்கும்படி, நான்காவது திசைக்குப் போன இளவரசனின் கதையாகச் சொன்னேன். போகக்கூடாத இடத்துக்குப் போனவனும் நல்லவன்தான் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று, “என்ன படிப்பினை?” என்றும் கேட்டேன்.

அவள் நடந்துகொண்டே யோசித்தாள்.

“அந்த ராஜாட மகனுக்குத் தம்பி இரிந்தானா?”

“இல்ல.”

“அப்ப அது வேற கதை மாமா.”

கடையில் அவளுக்கு ஒரு தோடம்பழ இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் கடித்துத் தந்தாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் சொன்னதை அன்றே தங்கச்சியிடம் சொன்னேன். உம்மா ஏசட்டும் என்கிறாள், ஒரு வார்த்தை ஏசிவிடு என்றேன். தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

“ஒரு புள்ளக்கி இரி எண்டு சொன்னன் காக்கா. அவன் இரிந்தான். இனி ஆருக்கும் இரி எண்டும் சொல்லமாட்டன், போ எண்டும் சொல்லமாட்டன். என்ட வாயால வேணா.”

“அவள் நீ வெறுக்கிறாய் எண்டு நெனக்கிறாள்.”

“நெனக்கட்டும். ஹயாத்தோட நெனக்கட்டும்.”

அவள் கழுவி வைத்த பாத்திரங்களை நான் எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

பாடசாலையிலிருந்து தகரக் கொட்டிலுக்கு, கொட்டிலிலிருந்து வீட்டுத்திட்டத்துக்கு என்று ஆண்டுகள் போயின. கடலோரத்தில் திரும்பவும் கட்டக்கூடாது என்றார்கள். வாப்பா பெருமைப்பட்ட அந்த வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. புதிய வீடு பாண்டிருப்பு எல்லைக்குக் கிட்ட அமைந்தது. மச்சான் ஒருமுறை வந்து இருந்துவிட்டுத் திரும்பச் சவூதிக்குப் போனார். தங்கச்சி மீண்டும் தறி வைத்தாள்.

மருமகள் வளர்ந்தாள். குழப்படியெல்லாம் ஒரு கட்டத்தில் தானாக நின்றது. ஏசுவார் இல்லாத இடத்தில் குழப்படிக்கும் அலுத்துவிடும்போல. படிப்பில் கெட்டிக்காரி. வீட்டு வேலையில் கை கொடுப்பாள். ஆனால் எங்கே போவதானாலும், எப்போது போவதானாலும், வாசலில் ஒரு கணம் நிற்பாள். செருப்பைக் காலில் மாட்டியபடி, “நான் போறன் உம்மா” என்பாள். தறியில் இருந்து பதில் வரும்: “உன்ட விருப்பம் மகள்.” அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வராது.

அன்று மகனின் முகத்தைத் துடைத்த பாண்டிருப்புப் பெண்ணின் வீடு இப்போது அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தது. அவளுக்கு ஒரே மகன். கடல் வருவதற்கும் முன்பே இயக்கத்துக்குப் போய் வன்னியில் இருந்தான். விரும்பிப் போனானா, கொண்டுபோனார்களா என்று அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவளும் தங்கச்சியும் பின்னேரங்களில் சேர்ந்து நூல் சுற்றுவார்கள். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டார்கள்.

“உங்கட ஆக்கள் என்னோட சேர்ந்தா ஒண்டும் சொல்லமாட்டாங்களா கா?” என்று அவள் ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது.

“சொல்லுவாங்க. உங்கட ஆக்கள் சொல்றல்லயா?”

“சொல்லாம?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கு முன் தங்கச்சி எப்போது சிரித்தாள் என்று யோசித்தேன். நான்காம் தட்டுத் தட்டிய அன்றைக்குத்தான்.

2009 பிறந்ததிலிருந்து வன்னிச் செய்திகள் மோசமாகிக்கொண்டு வந்தன. அந்தப் பெண் நூல் சுற்ற வருவது குறைந்தது. மே மாதம் ஆனதும் வரவேயில்லை. வானொலியை அணைக்காமல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றார்கள்.

மே 19 செவ்வாய்க்கிழமை, யுத்தம் முடிந்தது என்று நாடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் தங்கச்சியின் வீட்டில் இருந்தேன். பிரதான வீதியால் கொடி கட்டிய வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. பட்டாசு தொடர்ந்து வெடித்தது. எங்கள் ஊருக்கும் அந்த யுத்தத்தில் அடக்கம் செய்த ஜனாஸாக்கள் உண்டு, வயல் வட்டைக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் உண்டு. இனிப் பயமில்லாமல் வீதியில் போகலாம் என்று நிம்மதிப்பட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கும் அந்த நிம்மதி இருந்தது.

மருமகளோடு படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வேலிக் கடப்படியில் வந்து நின்றார்கள். “வா புள்ள, ரோட்டுக்குப் போய்ப் பாப்பம். எல்லாரும் போறாங்க” என்றார்கள். அவள் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

“நான் போறன் உம்மா.”

தறிச் சத்தம் நின்றது.

“போகாத” என்றாள் தங்கச்சி.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். மருமகள் ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

“என்ன உம்மா?”

“போகாத எண்டன். அங்கால ஒரு உம்மா புள்ள எங்க எண்டு தெரியாமக் கிடக்கா. அவ உன்ட தம்பிர மொகத்துல கிடந்த மண்ணத் தொடச்ச மனிசி. அந்தப் பட்டாசப் பாக்க இந்த ஊட்டால ஒரு ஆளும் போகப்படா. செருப்பக் கழட்டு.”

குரல் பெரிதாக இல்லை. ஆனால் நெடுநாள் திறக்காத கதவு போல இழுபட்டு வந்தது. கடப்படியில் நின்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். மருமகள் செருப்பைக் கழற்றினாள். கழற்றி வைத்துவிட்டு அங்கேயே தரையில் இருந்தாள். அழுகிறாள் என்பது தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

“இன்னொருக்காச் சொல்லுங்க உம்மா” என்றாள்.

தங்கச்சி தறியை விட்டு இறங்கி வந்தாள். மகளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். அவள் திரும்பச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நான் முற்றத்துக்கு இறங்கிவிட்டேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்கு முன், தங்கச்சி கொஞ்சம் சோறும் மீன் ஆணமும் ஒரு சட்டியில் எடுத்து மூடினாள். “வா” என்று மகளைக் கூப்பிட்டாள். நானும் போனேன். ஒழுங்கையில் யாரும் இல்லை. பாண்டிருப்புப் பக்கம் ஒரு வீட்டிலும் விளக்குப் போடவில்லை. பட்டாசுச் சத்தம் மட்டும் வீதிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் கதவு பூட்டியிருந்தது. தங்கச்சி வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே வானொலி கேட்டது, ஆள் அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். அவள் வழக்கம் எனக்குத் தெரியும். சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவாள் என்று நினைத்தேன்.

மருமகள் தாயைப் பார்த்தாள். “தட்டுங்க உம்மா” என்றாள்.

தங்கச்சி சட்டியை மகளின் கையில் கொடுத்தாள். கையைத் தூக்கிக் கதவின் கிட்டக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தட்டினாள். நின்று, திரும்பவும் தட்டினாள். திறக்கும் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. எதையும் எண்ணி வைக்கிறவன்தான், அன்று எண்ணவில்லை.

கொண்டி விலகும் சத்தம் கேட்டது. அவள் கலைந்த தலையோடு வந்து எங்களைப் பார்த்தாள்.

“ஆரெண்டு நெனச்சன் கா” என்றாள். “எல்லாரும் ரோட்டுக்குப் போயிருப்பீங்க எண்டு நெனச்சன்.”

“நாங்க போகல்ல” என்றாள் மருமகள்.

உள்ளே போய் இருந்தோம். மருமகள் எழும்பி வானொலியை நிறுத்தினாள். அந்தப் பெண் சோற்றில் ஒரு பிடி எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். தங்கச்சி, “தின்னுங்க” என்றாள். பிறகு, பிள்ளைக்குச் சொல்வது போல, “தின்னுங்க எண்டன்” என்றாள். அவள் தின்றாள்.

அவளுடைய மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் கதவுக்குக் கொண்டி போடுவதை விட்டுவிட்டாள். மருமகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். நண்டுக் கதையை அவள் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் ஏசுவாள். ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசுவாள். தங்கச்சி தறியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.